மிதித்த பிறகு ஏன் அந்த யோசனை? பழைய ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் ரகசியம்

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகரைத் தாண்டினால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கே பிஎம்டபிள்யூ தன் கார் ஆலையைத் திறந்தது 2007 மார்ச்சில். அன்று அங்கே பூட்டப்பட்ட 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்கள் இரண்டு மூன்று கை மாறி, இன்று புதுச் சின்னக் கார் ஒன்றின் விலைக்கே கிடைக்கின்றன. சென்னை வேளச்சேரியின் விஜயநகர் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும் வண்டிகளுக்கு நடுவே அப்படி ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். ஓட்டுபவரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான்: “எஞ்சின் பிரமாதம் சார். ஆனா மிதிச்சா, கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் கிளம்புது.”

அந்த ‘யோசனை’ அரை நொடிதானே என்று தோன்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடியில் வண்டி 8 மீட்டருக்கு மேல் போய்விடும். தாம்பரம் சாலையில் மாநகரப் பேருந்தை ஓவர்டேக் செய்ய வலப்பக்கம் ஒடித்தவருக்கு அந்த 8 மீட்டர் பெரிய விஷயம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது ஒரே தாமதம் அல்ல; ஒன்றன்பின் ஒன்றாக வரும் மூன்று தாமதங்களின் கூட்டுத்தொகை. ஒரு பகுதி, பொறியாளர்கள் தெரிந்தே வைத்தது. மறுபகுதி, வருடக்கணக்கில் சேர்ந்தது. முன்னதை மாற்ற முடியாது. பின்னதைப் பெருமளவு சரிசெய்யலாம். எது எது என்று தெரியாததால்தான் சில ஆயிரங்களில் முடிய வேண்டிய வேலை லட்சங்களில் போய் நிற்கிறது.

ஆயில் வழியே பாயும் விசை

மேனுவல் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது கிளட்ச் தட்டு. பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைச் செய்வது டார்க் கன்வெர்ட்டர். ஆயில் நிறைந்த கூட்டுக்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள், நடுவே ஆயிலைத் திருப்பிவிட இன்னொன்று. எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்ற, அது வீசும் ஆயில் மற்றதைச் சுழற்றுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. கார்களில் முழு ஆட்டோமேட்டிக் பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1939-இல், ஜெனரல் மோட்டார்ஸின் ‘ஹைட்ரா-மேட்டிக்’ பெட்டியோடு.

இந்தப் பழைய பாணி ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பின்னியபடியேதான் இருக்கும். கியர் மாறுவது என்றால், எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது, எதைச் சுழலவிடுவது என்ற தேர்வு மட்டுமே. பிடிப்பவை ஆயிலில் ஊறிய சிறு கிளட்ச் அடுக்குகள். அந்தத் தலைமுறை 5 சீரிஸின் 530டி காரில் இருந்த ஜெர்மன் இசட்எஃப் நிறுவனத்தின் 6 கியர் பெட்டியில் இப்படி 5 அடுக்குகள். எந்தக் கியரிலும் இரண்டு பிடித்திருக்கும், மூன்று விட்டிருக்கும்.

தாமதம் ஒன்றல்ல, மூன்று

முதல் தாமதம் முடிவெடுப்பதில். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்று பார்த்து, கீழ்க் கியர் வேண்டுமா என்று கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தீர்மானிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய பெட்டிகளில் இந்த முடிவையே ஆயில் அழுத்தமும் ஸ்பிரிங்குகளும் எடுத்தன.

இரண்டாவது, நிரப்புவதில். கிளட்ச் அடுக்கை அழுத்தும் பிஸ்டனுக்குப் பின்னால் ஆயில் நிறைந்தால்தான் அது நகரும். குழி நிறையும்வரை வெளியே ஒன்றும் நடக்காததுபோலவே இருக்கும்.

மூன்றாவது, கைமாற்றுவதில். ஒரு கிளட்ச் விட, இன்னொன்று பிடிக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் கொதிக்கும் சாம்பார் வாளியைக் கைமாற்றுவது போலத்தான்: வாங்குபவர் பிடிக்குமுன் கொடுப்பவர் விட்டால் வாளி கீழே, வாங்கிய பிறகும் விடாமலிருந்தால் இருவரும் இழுபடுவார்கள். இங்கே முதல் தவறு நடந்தால் எஞ்சின் வீணாகச் சீறும். இரண்டாவது நடந்தால் வண்டி ‘தடக்’கென்று இடிக்கும்.

அந்த இசட்எஃப் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 4.17, இரண்டாவது 2.34, மூன்றாவது 1.52. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போனால் எஞ்சின் ஏறக்குறைய 2,600 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். அந்த 1,400 சுற்றின் வேகத்தை எங்கேயாவது கரைக்க வேண்டும். எஞ்சின் கம்ப்யூட்டர் ஒரு கணம் எரிபொருளைக் குறைத்து உதவும். மிச்சத்தைக் கிளட்ச் தட்டுகள் வழுக்கியபடி சூடாக்கிக் கரைக்கும். மெதுவாக வழுக்கினால் பின்சீட்டில் இருப்பவருக்குக் கியர் மாறியதே தெரியாது. சட்டென்று பிடித்தால் வேகம் கிடைக்கும், கூடவே ஜெர்க்கும் கிடைக்கும். சொகுசுக் கார் செய்பவர்கள் முதலாவதைத் தேர்ந்தார்கள். நீங்கள் உணரும் தாமதத்தின் ஒரு பங்கு, அந்தச் சொகுசுக்குக் கொடுத்த விலை.

வேகத்தைத் தேர்ந்தவர்களும் உண்டு. 1989-இல் ஃபெராரி 640 பந்தயக் காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்துக் கியர் மாற்றும் முறை வந்தது. அதன் முதல் பந்தயமான பிரேசில் கிராண்ட் ப்ரீயிலேயே நைஜல் மான்செல் வென்றார். சாலைக்கு வந்த பிஎம்டபிள்யூ எம்3-இன் ‘எஸ்எம்ஜி’ பெட்டி 80 மில்லி நொடியில் கியர் மாற்றியது. ஆனால் நெரிசலில் அது உள்ளே இருப்பவர்களின் தலையை ஆட்டி வைத்தது. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-இல் வந்த இரட்டைக் கிளட்ச் பெட்டி, அடுத்த கியரை முன்கூட்டியே ஊகித்துத் தயாராக வைத்திருக்கும். ஊகம் சரியானால் மின்னல்; தப்பினால் அதுவும் யோசிக்கும்.

வேளச்சேரியின் வெயிலும் வெள்ளமும்

இனி, சேர்ந்துகொண்ட தாமதம். நின்று நின்று நகரும் போக்குவரத்தில் டார்க் கன்வெர்ட்டரின் இரண்டு விசிறிகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. வீணாகும் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. மே மாதத்து மாலையில் விஜயநகரிலிருந்து கைவேலிவரை ஊர்ந்து போகும் காரின் கியர்பாக்ஸ், நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிடக் கடினமாக உழைக்கிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பொதுக் கணக்கு.

நம் தட்பவெப்பம் இரட்டைக் கிளட்ச் பெட்டிகளையும் விடவில்லை. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, 7 கியர் பெட்டியிலிருந்த செயற்கை ஆயிலுக்குப் பதில் கனிம ஆயில் ஊற்றியது. சூடும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நகரும் ஓட்டத்தில், பழைய ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்பதே காரணம். சென்னையைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஆகிய இரண்டு முறையும் வேளச்சேரி மூழ்கியது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே குடியிருப்புவாசிகள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். அது வெறும் பயம் அல்ல. கியர்பாக்ஸுக்கு மூச்சுவிட ஒரு சிறு குழாய் உண்டு. வண்டி முங்கினால் அதன் வழியே தண்ணீர் இறங்கும். உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பரப்பு காகித நாரால் ஆனது. அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நாளடைவில் பசை விட்டுப் பெயரும். வெளுத்துப் பால் கலந்தாற்போல இருக்கும் ஆயிலைப் பார்த்தால், அந்தப் பழைய காரை வாங்காமல் திரும்புவதே நல்லது.

முள்ளைப் பாருங்கள்

எந்தத் தாமதம் என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. டேஷ்போர்டில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் போதும். காலியான சாலையில் சீராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள்.

முள் அசையாமல் நின்று, பிறகு துள்ளினால், தாமதம் முடிவெடுப்பதில். மேனுவல் மோடில் நீங்களே கியரை இறக்கிப் பாருங்கள். உடனே இறங்கினால் பெட்டி நலம். அது அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் இயல்பு.

முள் உடனே ஏறி, இழுப்பு மட்டும் பின்னால் வந்தால், டர்போ காற்றைச் சேர்க்க எடுத்துக்கொள்ளும் நேரமாக இருக்கலாம். கியர்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள்.

மேல் கியருக்கு மாறும்போது முள் இறங்குவதற்குப் பதில் ஒரு கணம் எகிறினால், அல்லது சூடானபின் மட்டும் ‘தடக்’ என்றால், கிளட்ச் வழுக்குகிறது அல்லது ஆயில் அழுத்தம் எங்கோ கசிகிறது. மெக்கானிக்கிடம் போக வேண்டியது இப்போதுதான்.

கீழ்த்தட்டில் இருக்கும் சாட்சி

‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று கார் நிறுவனங்கள் சொன்ன அதே ஆயிலை, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது, பெட்டியைச் செய்த இசட்எஃப். 6 கியர் பெட்டியின் கீழ்த்தட்டு பிளாஸ்டிக். ஃபில்டர் அதிலேயே சேர்ந்து வருவதால் தட்டையே மாற்ற வேண்டும். கழற்றினால், உள்ளே பதித்த காந்தத் துண்டுகளின்மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் சேறு படிந்திருக்கும். விரலில் தேய்த்தால் மாவாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். பளபளக்கும் துகள் தட்டுப்பட்டால்தான் கவலை. கையோடு, மின் இணைப்பு உள்ளே நுழையும் இடத்திலிருக்கும் ரப்பர் வளையங்களையும் மாற்றிவிடுவார்கள். அவை இறுகிப்போனால் ஆயில் கசியும்.

மொத்தம் 9 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பெட்டியில், தட்டைக் கழற்றினால் ஏறத்தாழ பாதிதான் இறங்கும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அளவு பார்ப்பதிலும் கவனம் தேவை: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னை மதியத்தில் வண்டி ஓடி வந்த சூட்டோடு பார்த்தால் அளவு தப்பும். குறைவான ஆயிலோடு கிளம்பும் பெட்டி முன்பைவிட மந்தமாகும். கடைசியாக, தேய்ந்த கிளட்சுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் இத்தனை நாள் கற்றுவைத்த கணக்கை அழித்து, புதிதாகக் கற்க விட வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் 2007-இன் பெட்டி இன்றைய பெட்டி ஆகிவிடாது. 2009-இல் வந்த இசட்எஃப் 8 கியர் பெட்டியில் எந்தக் கியரிலும் இரண்டு அடுக்குகளே விட்டிருக்கும். கியர் மாற்றம் 0.2 நொடியில் முடியும். 2021 முதல் இதே சென்னை ஆலையில் தயாராகும் எம்340ஐ-யில் இருப்பது அதுதான். பழைய பெட்டியிடம் அந்த வேகத்தைக் கேட்பது நியாயமில்லை. புதிதாக இருந்தபோது அது கொடுத்த வேகத்தைக் கேட்கலாம். ஆகவே ‘பெட்டியையே மாத்தணும் சார்’ என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற ரசீதைத் தேடுங்கள். ரசீதே இல்லையென்றால் வைத்தியத்தை ஆயிலிலிருந்து தொடங்குங்கள்.