களஞ்சியத்தின் முத்திரை

புனே நகரைத் தலைமையகமாகக் கொண்ட 'சி-டாக்' என்னும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் 1988-இல் தோன்றியது. 'பரம் 8000' என்ற மீக்கணினியை 1991-இல் உருவாக்கிப் புகழ்பெற்ற அந்நிறுவனமே 'பாஸ்' என்ற இயங்குதளத்தையும் வெளியிட்டது. டெபியன் லினக்சை அடியொற்றி அமைந்த இதில் தமிழிலும் மராத்தியிலும் எழுதலாம், படிக்கலாம். ஆகவே, பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது ஓரளவு நெருங்கிய உறவு என்றே கூறலாம்.

இத்தகைய கணினிக்கு வேண்டிய மென்பொருள்கள் 'களஞ்சியம்' எனப்படும் சேமிப்பிடங்களிலிருந்து இணையத்தின் வழியே பொதிகளாக வருகின்றன. டெபியனின் 12-ஆம் பதிப்பில் மட்டும் 64,000-க்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. இவற்றின் படிகளை உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தத்தம் கணினிகளில் வைத்து வழங்குகின்றன. இடையில் எவரேனும் ஒரு பொதியைத் திருத்திவிட்டால் என் செய்வது? பொதியை நிறுவும் வேளையில் கணினியின் முழு அதிகாரமும் அதன் கைக்குப் போய்விடுகிறது என்பதை மறக்கலாகாது.

இதற்கான காப்பு எளியது. ஒவ்வொரு பொதிக்கும் கணித முறையில் பெறப்படும் ஒரு சுருக்க எண் உண்டு. பொதியில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். இவ்வெண்கள் ஒரு பட்டியலில் அடங்கியுள்ளன. பட்டியலுக்குரிய சுருக்க எண், 'ரிலீஸ்' என்னும் தலைமை ஏட்டில் உள்ளது. அந்த ஓர் ஏட்டில் மட்டுமே களஞ்சியத்தார் கையொப்பமிடுகின்றனர். அதனைச் சரிபார்க்க அவர்களுடைய 'பொதுத் திறவுகோல்' நம்மிடம் இருத்தல் வேண்டும். பெயர் சற்று மயக்கந்தருவதே. அது எதையும் திறப்பதில்லை. வங்கியில் வைத்துள்ள மாதிரிக் கையொப்பம் போல, ஒப்பிட்டுப் பார்க்கவே உதவுகிறது.

இடர் இங்கேதான் உள்ளது. மாதிரிக் கையொப்பத்தையும் காசோலையையும் ஒரே ஆள் கொண்டுவந்து கொடுத்தால் ஒப்பீட்டினால் பயன் யாது? 2016 பிப்ரவரியில் 'லினக்ஸ் மின்ட்' இணையதளத்துள் புகுந்தவர்கள், திருட்டு வழி வைத்த நிறுவல் வட்டுப் படி ஒன்றுக்கு அங்கிருந்தே வழிகாட்டிவிட்டனர். திறவுகோல்கள் வட்டுடன் வருபவை. வட்டே பொய்யானால் பின்னர்ச் செய்யும் சோதனை எதுவும் நம்பத்தக்கதன்று. எனவே வட்டுப் படிக்குரிய கையொப்பத்தையும் சோதித்தல் வேண்டும். அதற்கான திறவுகோலின் 'கைரேகை'யை, அதாவது அதற்கேயுரிய 40 எழுத்தும் இலக்கமும் கலந்த அடையாளத்தை, வேறொரு வழியில் பெற்று ஒத்துப்பார்த்தல் நலம்.

வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கும்போது அதன் திறவுகோலைப் பொது வளையத்தில் கோத்துவிடுவது முன்பு வழக்கமாயிருந்தது. அவ்வாறு செய்தால், சிறு விளையாட்டு மென்பொருள் ஒன்றைத் தருபவரின் கையொப்பம் டெபியனின் பெயரால் வரும் பொதிகளுக்கும் செல்லுபடியாகிவிடும்! இப்பொழுது திறவுகோலைத் தனிக் கோப்பாக வைத்து, அக்களஞ்சியத்தின் முகவரி எழுதும் இடத்திலேயே 'இதற்கு இத்திறவுகோல் மட்டும்' என வரையறுக்கலாம். இம்முறையே தக்கது.

கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை என்ற எச்சரிக்கை தோன்றியதும், அவசரத்தில் சோதனையையே நிறுத்திவிடுவோர் உண்டு. திறவுகோலின் தவணை முடிந்திருப்பதே சில வேளை காரணமாயிருக்கும். புதியதைக் களஞ்சியத்தாரிடமிருந்து பெற்று, கைரேகையை ஒத்துப்பார்த்தபின் மீண்டும் முயலலாம்.