கோட்டையை விடுங்கள், கோட்டைப் பாருங்கள்!

மலாக்காவுக்கு வருகிறவர்கள் நேராகக் கோட்டை வாசலுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். எடுக்கட்டும். நாம் போகிற வழி வேறு. ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோர், பத்து பெரண்டாம் சிப் தொழிற்சாலை, புக்கிட் பெருவாங்கில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளின் மேசை, அங்கிருந்து ஒரே தாவலில் ஹைதராபாத்! நாலு இடத்திலும் நடப்பது ஒரே கூத்துதான். அளக்கிறார்கள், எழுதி வைக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு கோடு போட்டால் போதும். அந்தக் கோடு செய்கிற மாயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. வாங்க, பின்வாசல் திறந்துதான் இருக்கிறது.

முதலில் ஸ்டோர். 1896இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் இன்னும் பெரிதாக நட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்ட வணிகமே நம்ம மலாக்காவில் தொடங்கியது என்று நாம் தாராளமாகப் பெருமையடித்துக்கொள்ளலாம். விடியற்காலைப் பிரட்டு, உளி, மங்கு, வாளி, கட்டிப்பால் எல்லாம் உங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஸ்டோருக்கு உள்ளே நடப்பதைப் பாட்டி அவ்வளவாகச் சொல்லியிருக்கமாட்டார். வாளி வந்து இறங்கியதும் எடை போட்டதோடு வேலை முடியாது. மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவி உண்டு. தண்ணீர் கலந்து பதப்படுத்திய பாலில் அதை மிதக்கவிட்டு, எதுவரை அமிழ்கிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பாலில் உண்மையான ரப்பர் எத்தனை விழுக்காடு என்று அது காட்டிக்கொடுத்துவிடும். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வாளிக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்க யாருக்காவது கை துறுதுறுக்குமா, துறுதுறுக்காதா? அந்தத் துறுதுறுப்புக்கு மெட்ரோலாக்கிடம் பதில் இருந்தது.

அந்த இடத்தில் கணக்கெழுதும் கிராணிக்கும் பால் வெட்டுகிற அம்மாவுக்கும் நடுவே, எந்தத் தோட்டத்திலும் கேட்கக்கூடிய பேச்சு ஒன்று உண்டு.

“என்னாம்மா, இன்னிக்குப் பால் கொறைச்சலா இருக்கு?”

“ராத்திரி பூரா மழ. மரம் என்னா பண்ணும் கிராணி ஐயா?”

இந்த இரண்டு வரியில் ஒரு முழுப் புள்ளியியல் பாடம் ஒளிந்திருக்கிறது! நேற்று பதினெட்டு கிலோ, இன்று பதினைந்து என்றால் வெட்டுகிறவர் சோம்பிவிட்டார் என்று அர்த்தமா? இல்லை. பால் தினமும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இலையுதிர் மாதங்களில் வாரக்கணக்காக இறங்கியே கிடந்தால் அது வேறு செய்தி. தினசரி ஆட்டம் எது, உண்மையான மாற்றம் எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி திட்டு மிச்சம். வெட்டுகிற அம்மாவுக்கு அது தெரியும். ஏட்டில் அதைப் பிரித்துக் காட்டத்தான் ஒரு கோடு இல்லை.

கோடு வந்தது அமெரிக்காவிலிருந்து. 1924 மே 16ஆம் தேதி, டெலிபோன் சாமான் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பினார். ஒரே பக்கம். அதிலும் மூன்றில் ஒரு பங்கை ஒரு படம் பிடித்துக்கொண்டது: நடுவில் சராசரிக் கோடு, மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை, இடையில் புள்ளிகள். எல்லைக்குள் ஆடுகிற புள்ளியைச் சும்மா விடு, தாண்டினால் மட்டும் காரணம் தேடு. அவ்வளவுதான்! உலகத் தொழிற்சாலைகள் நூறு வருடமாக இந்த ஒரு பக்கத்தை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கின்றன. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் அழைத்து இந்தியாவுக்கும் வந்து, 1947–48இல் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார் ஷூவார்ட்.

நம் ரப்பரும் அளவுக்கு மாறியது. அதுவரை ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணால் பார்த்து ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். 1965இல் மலேசியா எஸ்எம்ஆர் என்ற தன் புதிய தர முறையைக் கொண்டுவந்தபோது ஆய்வுக்கூட எண் முன்னுக்கு வந்தது. எஸ்எம்ஆர் 5, எஸ்எம்ஆர் 20 என்ற பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண் என்ன தெரியுமா? அழுக்கு! தொடக்கத்தில் 5 என்றால் அழுக்கு 0.05 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, 20 என்றால் 0.20 என்பது கணக்காக இருந்தது. தன் அழுக்கின் அளவையே பெயராக வைத்துக்கொண்டு கடைக்கு வந்த சரக்கு வேறு ஏதாவது உண்டா?

சரி, வண்டியைத் திருப்பு, பத்து பெரண்டாம். சீமென்ஸ் 1973இல் மலாக்காவில் சிப் வேலையைத் தொடங்கியது. 1999இல் அந்தப் பிரிவு தனியே பிரிந்து இன்ஃபினியன் ஆனது. இந்த மாதிரித் தொழிற்சாலைகளில் மயிரிழையைவிட மெல்லிய கம்பியால் சிப்பையும் அதன் கால்களையும் இணைப்பார்கள். பிறகு சிலவற்றை எடுத்து, குட்டிக் கொக்கியை மாட்டி, கம்பி அறுந்துபோகும்வரை இழுப்பார்கள். எத்தனை கிராம் விசையில் அறுந்தது என்பது ஒரு புள்ளியாகப் படத்தில் ஏறும். வேண்டுமென்றே அறுத்துப் பார்ப்பது ஒரு சம்பளம் கிடைக்கிற வேலை! எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக் கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், எல்லையைத் தாண்டாவிட்டாலும், என்ன ஆச்சு என்று போய்ப் பார்ப்பார்கள். இலையுதிர் மாதத்துப் பாலைப் போலத்தான் அதுவும்.

இப்போது அந்தக் கோட்டை மென்பொருள் மேசைமேல் வைக்கலாம். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறதல்லவா, அங்கே சில பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஆப் செய்வதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொரு சின்ன வேலையும் ஒரு டிக்கெட். கையில் எடுத்த நாளையும் முடித்த நாளையும் குறித்தால் போதும். பத்து டிக்கெட்டுகள் முடிய ஆன நாட்கள் இப்படி என்று வைப்போம்: 4, 6, 3, 7, 5, 4, 8, 5, 6, 4. சராசரி 5.2. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்தால் 2.44. அதை இந்தக் கணக்குக்கென்றே உள்ள 2.66 என்ற மாறா எண்ணால் பெருக்கினால் 6.5. சராசரியோடு கூட்டு: 11.7. இதுதான் மேல் எல்லை. கால்குலேட்டர்கூடக் கொஞ்சம் அதிகம்தான்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். எட்டு நாள் இழுத்த அந்த டிக்கெட்டுக்காக “ஏன்டா லேட்டு?” என்று ஒருவனைப் பிடித்து உலுக்க எந்த நியாயமும் இல்லை. அது தினசரி ஆட்டத்துக்குள் இருக்கிறது. நாளைக்கு ஒன்று பதினான்கு நாள் எடுத்தால் அப்போது உட்கார்ந்து பேசுங்கள், அநேகமாக ஏதோ நடந்திருக்கிறது. எல்லா டிக்கெட்டும் சீக்கிரம் முடியவேண்டுமா? ஆளை உலுக்கிப் பயனில்லை, வேலை செய்கிற முறையைத்தான் மாற்றவேண்டும். அதற்கு 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்துக்கொடுத்த விதி ஒன்று இருக்கிறது. கையில் பன்னிரண்டு டிக்கெட், வாரத்துக்கு மூன்று முடிகிறது என்றால் ஒரு டிக்கெட் சராசரியாக நாலு வாரம் கிடக்கும். அதே வேகத்தில் கையில் ஆறை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு வாரம். யாரும் வேகமாக டைப் செய்யவேண்டியதில்லை!

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்காகத்தான் ஹைதராபாத். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த மென்பொருள்களைப் பழுது பார்த்துத் திருத்தித் தர அங்கே ஒரு குட்டிக் குழு இருந்தது. புரோகிராம் எழுத மூன்று பேர், சோதித்துப் பார்க்க மூன்று பேர். 2004இல் அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவிலேயே மிக மோசமான குழு அதுதான் என்று பெயர். ஒரு கோரிக்கை முடிய ஏறக்குறைய ஐந்து மாதம். வரிசையில் எண்பதுக்கு மேல். பொறுப்பேற்ற திராகோஸ் துமித்ரியுவும் அவருக்கு யோசனை சொன்ன டேவிட் ஆண்டர்சனும் யாரையும் திட்டவில்லை. பழைய கணக்கைத்தான் புரட்டினார்கள்.

கிடைத்தது என்ன? புதுக் கோரிக்கை வந்தால் “இது எத்தனை நாள் பிடிக்கும்?” என்று உடனே மதிப்பீடு சொல்லியாகவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மதிப்பீட்டுக்கே குழுவின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது! எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிச் சொல்லியே நாள் போயிருக்கிறது. பழைய வேலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரு வரம்புக்குள்தான் விழுந்திருந்தன. அப்புறம் தனித்தனியாக ஆரூடம் எதற்கு? மதிப்பீட்டை நிறுத்தினார்கள். கையில் எடுக்கும் வேலைக்கு உச்ச அளவு வைத்தார்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது உள்ளே. ஒன்பது மாதத்தில் ஐந்து மாதக் காத்திருப்பு இரண்டு வாரமாகச் சுருங்கியது. ஆண்டர்சன் 2010இல் எழுதிய ‘கான்பான்’ புத்தகத்தில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு மேனேஜர் நாளைக் காலையிலேயே ஆளுக்கு ஒரு கோடு போட்டு, “உன் சராசரி ஏன் அவனைவிட அதிகம்?” என்று தொடங்கினால் காரியம் கெட்டது. டிக்கெட் கணக்கில் மதிப்பெண் என்று தெரிந்த மறுநாளே பிள்ளைகள் ஒரு டிக்கெட்டை நாலாக உடைப்பார்கள். எண்ணிக்கை எகிறும், ஆப் அப்படியே நிற்கும். வாளியில் தண்ணீர்! தோட்டத்தில் இதற்கு மறுபக்கமும் இருந்தது. தராசு கிராணி கையில், ஏடும் கிராணி கையில், முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட வெட்டினவருக்கு இடம் கிடையாது. எடை குறைத்துப் போடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு லயத்துக்கு லயம் இருந்ததில் வியப்பில்லை. என்னைக் கேட்டால் டிக்கெட் படத்தை அந்தந்தக் குழுவே தன் சுவரில் தானே வரைந்துகொள்ளட்டும். ஆள் பெயர் அதில் வேண்டாம், வேலையின் பெயர் மட்டும் போதும். மேலதிகாரி வந்து பார்க்கட்டும், பேனாவை மட்டும் தொடவேண்டாம்.

ஹைதராபாத்தில் இன்னும் ஒரு குட்டி மாற்றம் நடந்தது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வேலை எங்கே தேங்குகிறது என்று தொடர்ந்து கவனித்துக்கொண்டே வந்ததில், சோதிக்கிறவர்களுக்குக் கை ஓய்வாகவும் எழுதுகிறவர்களுக்கு மூச்சுமுட்டவும் இருப்பது வெளியே வந்துவிட்டது. சோதிக்கிற பக்கத்திலிருந்து ஒருவரை எழுதுகிற பக்கம் மாற்றினார்கள். மூன்றுக்கு மூன்று என்றிருந்தது நாலுக்கு இரண்டு ஆனது. ஆட்கள் அதே ஆறு பேர். முடிகிற வேலை இன்னும் கூடியது.