ஒரு ‘போல’ படுத்தும் பாடு

‘போல’ என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ காரியங்களை நடத்தி விடுகிறோம். பாட்டனாரைப் போல நடக்கிறான் என்கிறோம். மழை வரும் போல இருக்கிறது என்கிறோம். தமிழில் இதனால் குழப்பம் எதுவும் நேர்வதில்லை. இதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழையும் மாணவன்தான் இடறுகிறான்.

புத்தளம் நகரை அடுத்த தில்லையடி போன்ற ஊர்களில் வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் காதில் விழுவது அரிது. பாடசாலையில் கேட்பதே கேள்வி. ஆகவே, ‘வட் இஸ் யுவர் மதர் லைக்?’ என்ற வினாவுக்கு, ‘மை மதர் லைக்ஸ் டீ’ என்று விடை எழுதும் பிள்ளைகள் இருப்பதில் வியப்பில்லை. ‘லைக்’ என்றால் விருப்பம் என்று முதலில் படித்ததன் விளைவு இது. அவ்வினா கேட்பது உம்மாவின் இயல்பை. அன்பானவர், கண்டிப்பானவர் என்று சொல்ல வேண்டும். ‘வட் டஸ் யுவர் மதர் லுக் லைக்?’ என்றால் உயரம், நிறம், முகம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ‘ஹவ் இஸ் யுவர் மதர்?’ என்பதோ சுக விசாரணை. ‘வட் டஸ் யுவர் மதர் லைக்?’ என்று கேட்டால்தான் தேநீருக்கு அங்கே இடமுண்டு.

இத்தகைய பாகுபாடு தமிழருக்குப் புதிதன்று. உவமை என்பது வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியே பிறக்கும் என்று தொல்காப்பியர் உவமவியலில் வகுத்திருக்கிறார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். ‘லுக் லைக்’ இவ்விரண்டுக்கும் உரியது. நடையில் தாயை ஒத்திருந்தால் அது வினை. அங்கே ‘வாக்ஸ் லைக்’ என்றே எழுத வேண்டும். ஆங்கிலப் பாடத்தைத் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவதா என்று சிலர் நகைக்கலாம். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் காட்டுவதில் நகைப்புக்கு என்ன இருக்கிறது?

மிகவும் கவனிக்க வேண்டியது ‘டேக் ஆஃப்டர்’ என்னும் தொடர். குடும்பத்தில் இளையவர் மூத்தவரைத் தோற்றத்திலோ குணத்திலோ ஒத்திருப்பதை இது குறிக்கும். மகன் தந்தையை ஒத்திருப்பதற்கு இதை வழங்கலாம். தந்தை மகனை ஒத்திருப்பதற்கு வழங்கலாகாது. இரட்டைப் பிள்ளைகளுக்கும் அயலாருக்கும் இது பொருந்தாது. ‘லுக்’கையும் ‘ஆஃப்டர்’ரையும் சேர்த்து, ‘ஐ லுக் ஆஃப்டர் மை கிராண்ட்ஃபாதர்’ என்று எழுதிவிட்டால், பாட்டனாரைப் பராமரிக்கிறேன் என்று பொருள் மாறிவிடும்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர், தில்லையடியிலும் குடியேறினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. அப்படி வந்த குடும்பத்தில் பின்னர் பிறந்த ஒரு பேரன், வரும் முன்னரே மறைந்துபோன பாட்டனாரைக் கண்டிருக்க முடியாது. வீட்டோடு விடுபட்ட புகைப்படத்தையும் பார்த்திருக்க முடியாது. “அந்த மனுசனையே உரிச்சு வச்ச மாதிரி” என்று உம்மம்மா சொல்லும் வார்த்தைதான் அந்தச் சாயலுக்குச் சாட்சி. அவன் அதை எழுத விரும்பினால், ‘தே சே ஐ டேக் ஆஃப்டர் மை கிராண்ட்ஃபாதர்’ என்று எழுதலாம். ‘தே சே’ என்னும் இரு சொற்களை விடலாகாது. கண்டவர்கள் சொல்லக் கேட்டேன் என்பது அவற்றில் அடங்கியிருக்கிறது. பாவம், அவன் ‘லுக் ஆஃப்டர்’ என்று எழுதிவிட்டால், இல்லாதவரைப் பராமரிப்பவன் ஆகிவிடுவான்!

உத்தியோகம் தேடும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாண்டு இலிகிதராக வேலை பார்த்தவர் விண்ணப்பத்தில், ‘ஐ வேர்க்ட் லைக் எ கிளார்க்’ என்று எழுதினால், இலிகிதராக இல்லாமல் இலிகிதரைப் போல உழைத்தவர் ஆகிறார். ‘அஸ் எ கிளார்க்’ என்பதே சரி.

மணமகள் விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் ‘ஹோம்லி’யும் ஆபத்தானதுதான். குடும்பப் பாங்கானவள் என்று நாம் எண்ணி எழுதுகிறோம். இங்கிலாந்தில் அது எளிமையும் இதமும் உடையதைக் குறிக்கும். அமெரிக்காவிலோ அழகில்லாத முகத்தைக் குறிக்கும். அங்கே வளர்ந்த மாப்பிள்ளை அதைப் படித்தால், பெற்றோர் ஏன் தம் பெண்ணைத் தாமே இழித்துரைக்கிறார்கள் என்று திகைப்பார்.

புத்தளத்து உப்பளத்தில் குவிந்திருக்கும் உப்பைப் பார்த்து ‘இட் லுக்ஸ் லைக் ஸ்னோ’ என்றால் அது உவமை. கருத்த வானத்தைப் பார்த்து ‘இட் லுக்ஸ் லைக் ரெய்ன்’ என்றால் அது ஊகம். உப்பு கரையுமுன் குவியலை மூட ஆள் ஓட வேண்டும்.

ஊரின் பெயரிலும் ஒரு பாடம் உண்டு. தென்னாபிரிக்காவில் காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோரது ஊர், தமிழகத்தில் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையடி. இரண்டு ஊர்களுக்கும் பெயர் ஒன்றே. அதற்கு ‘சேம்’ என்று எழுத வேண்டும். ஊர்களும் ஒத்திருக்கின்றன என்று சொல்வதாயின் ‘சிமிலர்’ வேண்டும். ‘சேம்’முக்குப் பின் ‘அஸ்’ வரும். ‘சிமிலரு’க்குப் பின் ‘டு’ வரும். ‘சிமிலர் லைக்’ என்று ஒரு வழக்கு ஆங்கிலத்தில் கிடையாது.