வெள்ளம் வந்தால் யார் யாரைத் தேடுவார்கள்?

மழை வலுத்தால் திருவள்ளூர் மாவட்டத்தில் டீக்கடைக்கு டீக்கடை ஒரே கேள்விதான்: "பூண்டியில எவ்ளோ திறந்திருக்காங்க?" கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பி ஷட்டரைத் தூக்கினால், தண்ணீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் கடலைச் சேர வேண்டும். 2021 நவம்பரில் அந்தத் தண்ணீர் வழியிலேயே மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே வட்டாரம் தத்தளித்தது.

வடக்கே ஆரணியாறு. ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று பதற்றம் கீழ்நோக்கி இறங்கும். சுற்றிலும், ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததற்குப் போகும்படி வெட்டப்பட்ட ஏரிகள். இப்படிப்பட்ட நிலத்தில்தான் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 2022இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக அரசு விரித்தபோது, மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்தது. நகரம் இங்கே வந்துவிட்டது. நகரத்தில் வெள்ளம் வந்தால் யார் யாரைத் தேடிப் போவார்கள் என்பது மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை.

முதலில் வருவது யார்?

மீட்புப் படை வந்து சேர நேரமாகும். அதுவரை கைகொடுப்பது பக்கத்து வீடுதான். 1995இல் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருக்களுக்கு வந்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மீட்பு விரைவாகும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எங்கே நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்பதை அங்கன்வாடிப் பணியாளரும் கிராம செவிலியரும் எந்தச் செயலியையும்விட நன்றாக அறிவார்கள்.

உறவின் மறுபக்கம்

இந்த அக்கம்பக்க உறவில் ஒரு சிக்கல் உண்டு. அதைக் காட்டித்தந்ததும் தமிழ்நாடுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரக் கிராமங்களை ஆராய்ந்தவர் அமெரிக்க அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச். வலுவான ஊர்ப் பஞ்சாயத்தும் அதிகாரிகளோடு தொடர்பும் உள்ள மீனவக் கிராமங்களுக்கு உதவி விரைவாக வந்தது. ஆனால் அந்த உதவி, ஊர் யாரைத் தன் ஆளாகக் கணக்கில் வைத்திருந்ததோ அவர்களுக்குத்தான் போனது. ஊர்வரி கட்டும் ஆண் குடும்பத் தலைவர்கள்தாம் பட்டியலில் இருந்தார்கள். பெண்கள், தலித்துகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் எனப் பலர் விடுபட்டார்கள். உறவு இறுகிய ஊரில், வெளியே நிற்பவருக்குக் கதவும் இறுகியே இருந்தது.

கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பாடம் நேராகப் பொருந்தும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத் தொழிலாளர்கள் இங்குள்ள உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் வேலை செய்கிறார்கள். லைன் வீட்டில் ஒரு அறையில் பலர். ஷிப்ட் மாறினால் படுக்கும் ஆளும் மாறும். தெருவில் இவர்களைத் தெரியாதவர் இல்லை. பெயர் தெரிந்தவர் மேஸ்திரியும் கான்ட்ராக்டரும் மட்டுமே. மிக்ஜாம் நிவாரணமாக அரசு தந்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. அட்டை இல்லாதவர்கள் தனியே விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

என்ன செய்யலாம்?

முதலில், ஒப்பந்ததாரரின் பட்டியலையும், வெள்ளத்தில் தேட வேண்டியவர்களின் ஊராட்சிப் பட்டியலையும் சேர்ப்பது. 2025 வரை நடப்பில் இருந்த, வெளிமாநிலத் தொழிலாளர் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்ததாரர் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. அப்படிப்பட்ட பதிவேட்டில் இருப்பவர்கள் எந்தத் தெருவில், எந்த லைன் வீட்டில் தங்குகிறார்கள் என்பது ஐப்பசிக்கு முன்பே ஊராட்சியின் கையிலும் இருக்க வேண்டும். நிவாரண முகாமாகும் பள்ளிக்கூடம் எது என்பது லைன் வீட்டு வாசலிலும் எழுதப்பட வேண்டும்.

அடுத்து, மொழி. பறையடித்துத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கிக்கு மாறும்படி 2022இல் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு அறிவுறுத்தினார். ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி தமிழில் மட்டும் பேசினால் பாதித் தெருவுக்குத்தான் கேட்கும். இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் பதிவு செய்து வைத்துக்கொள்ள ஒரு கைப்பேசி போதும். குரல் கொடுக்க, அதே லைன் வீட்டில் ஆள் இருக்கிறார். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070 என்ற எண்களும் அவர்கள் மொழியில் சுவரில் இருக்கட்டும்.

மூன்றாவது, ஆலையின் கடமை. மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவி, படகையும் வலையையும் பாழாக்கியது. தொழிற்பேட்டை வெள்ளம் வெறும் மழைத்தண்ணீராக இருக்காது. விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தின் தன்மையையும் பாதுகாப்பு வழிகளையும் ஆலை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கின்றன அபாயகர ரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகள். ஆலை நடத்தும் ஒத்திகையை மதிலுக்கு உள்ளேயே முடித்துவிட்டால், மதிலுக்கு வெளியே குடியிருப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

அரசின் பங்கு எங்கே?

அக்கம்பக்க உறவைப் பேசுவது அரசின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அல்ல. எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்த மணலையும் சாம்பலையும் மகளிர் குழு வாரிவிட முடியாது. நீர்வழியை மறித்துச் சாலை போட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் திருத்த முடியாது. பூண்டியில் எத்தனை கன அடி, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதை உரிய நேரத்தில் சொல்லும் கடமை நீர்வளத் துறையுடையது. அந்தத் தகவல் கடைசி வீடு வரை போய்ச் சேரத்தான் ஊர் வேண்டும்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாம் வாரத்தில். கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று அக்டோபர் 2. அன்று ஆலை மேலாளரையும் கான்ட்ராக்டரையும் லைன் வீட்டுத் தொழிலாளர்களையும் அழைத்து உட்காரவைத்து, வெள்ளப் பட்டியலை உரக்கப் படிக்கலாம். விடுபட்ட பெயரைச் சேர்க்க அப்போதும் இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருக்கும்.