திருத்தணியை எந்தப் பகுப்பில் வைப்பது?

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். பக்கத்திலேயே காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காடு; திருத்தணியைத் தாண்டினால் ஆந்திர எல்லை. இந்த வட்டாரத்து ஊர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர், கட்டுரையை முடித்ததும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இதை எந்தெந்தப் பகுப்புகளில் சேர்ப்பது? பகுப்பு என்பது கட்டுரையின் அடியில் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் ஒற்றை வரி. எழுதிச் சேமித்தவுடன் அந்தக் கட்டுரை அப்பகுப்பின் பட்டியலில் அகர வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு பகுப்பை இன்னொரு பகுப்புக்குள் வைக்கலாம். பல தாய்ப்பகுப்புகளின் கீழும் வைக்கலாம். யார் எதை எதற்குள் வைத்தாலும் மென்பொருள் தடுக்காது. 2003-இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட களஞ்சியத்தில் இது பெரிய வசதி, பெரிய தலைவலியும்கூட. கைக்கு எளிதாக வரும் வழி, மாநிலம், மாவட்டம், வட்டம் என்ற அரசு நிர்வாக அடுக்கை முதுகெலும்பாக வைத்து, கோயில், பள்ளி, ஆறு, ஆள் என எல்லாவற்றையும் அதில் தொங்கவிடுவதுதான். அந்த வழி சரிவராது என்பதற்குத் திருத்தணியே சாட்சி.

திருத்தணி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நான்கு மாவட்டங்களைப் பார்த்திருக்கிறது. முதலில் வட ஆற்காடு. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போய்விட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் பரிந்துரையும், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று அதைச் சென்னை மாநிலத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தன. அப்போது செங்கல்பட்டு மாவட்டம். 1997-இலிருந்து திருவள்ளூர் மாவட்டம். ஊரின் அமைவிடத்தைச் சொல்ல இன்றைய மாவட்டம் போதும். அந்த ஊரோடு தொடர்புள்ள கோயிலையும் மனிதரையும் போராட்டத்தையும் அந்த மாவட்டத்தின் பிள்ளைகளாகவே காட்டுவதுதான் பிழை.

எங்கே பிழைக்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். சைவர்கள் தேவாரத் தலங்களில் 32-ஐத் தொண்டை நாட்டுத் தலங்கள் என்று எண்ணுவார்கள். திருவாலங்காடு அதில் ஒன்று. இன்று ஆந்திரத்தில் இருக்கும் திருக்காளத்தியும் ஒன்று. ஒருவர் ‘தொண்டை நாட்டுத் தலங்கள்’ என்ற பகுப்பை, நல்லெண்ணத்தோடுதான், ‘தமிழ்நாட்டுச் சிவன் கோயில்கள்’ என்பதற்குள் வைத்தால், அந்த நொடியிலேயே காளத்தி தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகிறது. ம.பொ.சி.யாலும் ஆகாத காரியம்! தேர்தல் தொகுதியிலும் இதே கதை. திருத்தணி சட்டமன்றத் தொகுதி அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் அடங்கும். அரக்கோணம் ஊர் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மக்களவைத் தொகுதியின் பகுப்பை ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வைத்தால், திருத்தணியும் சத்தமில்லாமல் ராணிப்பேட்டைக்குக் குடிபோய்விடும். இரண்டு இடத்திலும் தனிக்கட்டுரை எதிலும் தவறில்லை. தனித்தனியே சரியான இரண்டு பாகுபாடுகளை ஒன்றுக்குள் ஒன்று திணித்ததுதான் கோளாறு.

இதற்கு மாற்று நம் ஊரிலேயே எழுதப்பட்டது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். அரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். எல்லா அறிவையும் ஒரே மரத்தின் கிளைகளாக முன்கூட்டியே வெட்டி வைக்காமல், ஒரு நூலின் பொருளை இடம், காலம், செயல் போன்ற முகங்களாகப் பிரித்து, தேவைப்படும்போது சேர்த்துக்கொள்வது அவர் வழி. அலமாரியில் ஒரு நூலை ஓர் இடத்தில்தான் வைக்க முடியும் என்ற நெருக்கடி அவருக்கு இருந்தது. விக்கிப்பீடியாவுக்கு அதுவும் கிடையாது. திருவாலங்காட்டுக் கோயில் ‘திருவள்ளூர் மாவட்டக் கோயில்கள்’, ‘தேவாரத் தலங்கள்’, ‘ஐம்பெரும் சபைகள்’ என மூன்றிலும் நேரடியாக இருக்கலாம். இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டியதில்லை. இடத்தை இடத்தால் மட்டும் பிரி, காலத்தைக் காலத்தால் மட்டும் பிரி என்பதே விதி. இதோடு சேரவேண்டிய இன்னொன்று, எதனால் அந்தப் பொருள் அறியப்படுகிறதோ அதற்கு மட்டுமே பகுப்பு. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பற்றிய கட்டுரைக்குச் சோழர் வரலாற்றுப் பகுப்பு பொருந்தும். செப்பேடு கிடைத்த காரணத்துக்காக ஊர்க் கட்டுரைக்கும் அதைச் சூட்டினால், நாளடைவில் பாதித் தமிழ்நாடு அந்தப் பகுப்புக்குள் வந்துவிடும்.

இடத்தையும் வகையையும் சேர்த்துக் கட்டிய குறும்பகுப்புகளின் விலை 2019-இல் தெரிந்தது. வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. மாவட்டத்துக்குக் கோயில்கள், பள்ளிகள், தொடருந்து நிலையங்கள், ஆறுகள், ஆட்கள் என்று பத்துப் பகுப்பு இருந்தால், பத்தையும் பிரித்து, ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த வரியைத் திருத்த வேண்டும். பகுப்பின் பெயரை மாற்றினால் மட்டும் உள்ளே இருக்கும் கட்டுரைகள் கூடவே நகர்ந்துவிடாது. ஆந்திரமும் 2022-இல் 13 மாவட்டங்களை 26 ஆக்கியது. தானியங்கிகள் கைகொடுக்கும்தான், ஆனால் அரக்கோணத்துப் பள்ளி எந்தப் பக்கம், ஆம்பூர்ப் பள்ளி எந்தப் பக்கம் என்று யாராவது அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பிரிக்காவிட்டால் பட்டியல் பெருத்துவிடுமே என்பது நியாயமான மறுப்பு. ஒரு பகுப்புப் பக்கம் ஒரு தடவைக்கு 200 பெயர்களைத்தான் காட்டும். ஆயிரக்கணக்கான கோயில்களை அப்படிப் புரட்ட யாருக்கும் பொறுமை இராது. அங்கே மாவட்ட வாரியாக ஒரு படி பிரிப்பதில் தவறில்லை. ‘திருத்தணி வட்ட முருகன் கோயில்கள்’ வரை இறங்கி, இரண்டு கட்டுரைக்கு ஒரு பகுப்பு திறப்பதுதான் வீண். இரண்டு பகுப்புகளுக்குப் பொதுவான கட்டுரைகளை எடுத்துத்தர பெட்ஸ்கேன் போன்ற கருவிகள் இருக்கின்றன. பிரிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2013-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்களைத் தனிப்பகுப்புக்கு நகர்த்தியபோது, பொதுப்பட்டியலிலிருந்து அவர்கள் பெயர்கள் மறையத் தொடங்கின. அமாண்டா ஃபிலிபாச்சி நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகே அது வெளியே தெரிந்தது. பெண் எழுத்தாளர் என்ற பகுப்பு இருக்கட்டும், எழுத்தாளர் என்ற பகுப்பிலிருந்து நீக்காதவரை.

தேடுபொறி இருக்கும்போது பகுப்பே எதற்கு என்றும், விக்கிப்பீடியாவின் தரவுத்தளமான விக்கித்தரவு வந்த பிறகு இதெல்லாம் பழைய வேலை என்றும் சொல்பவர்கள் உண்டு. கைப்பேசியில் படிக்கிற பெரும்பாலோர் பகுப்பைக் கண்ணால் பார்ப்பதே இல்லை என்பதும் உண்மை. ஆனால் பெயர் தெரிந்ததைத்தான் தேட முடியும். பெயர் தெரியாத ஏழு தலங்கள் பக்கத்தில் இருக்கின்றன என்று காட்டுவது பகுப்பு. விக்கித்தரவில் கொஞ்சம் சிக்கலான கேள்வி கேட்கத் தனி வினவல் மொழி தெரிய வேண்டும்; பகுப்பு வரியை இன்று சேர்ந்த பயனரும் எழுதிவிடுவார்.

மிகவும் வலுவான மறுப்பு வரலாற்றுப் பக்கத்திலிருந்து வருகிறது: இன்றைய எல்லையை வைத்துப் பகுத்தால் பழைய உண்மை மறைந்துவிடாதா? திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனைத் ‘திருவள்ளூர் மாவட்ட மக்கள்’ என்பதில் வைப்பது காலப்பிழை என்பார்கள். சித்தூர் மாவட்டப் பகுப்பே பொருத்தம் என்று சிலர் வாதிடலாம். அவர் பிறந்தது 1888-இல். அப்போது சித்தூர் மாவட்டமும் இல்லை. ஆக, இடத்துக்கு இன்றைய மாவட்டத்தை வைத்துக்கொண்டு, வட ஆற்காடு தொடங்கி நடந்த மாற்றங்களைக் கட்டுரையின் முதல் பத்தியில் ஆண்டுகளோடு எழுதிவிடலாம். ஒரு பகுப்பு வரியில் ஆண்டைக் குறிப்பிட இடமில்லை, பத்தியில் இருக்கிறது.