பாளையங்கோட்டை: தாமிரபரணிக் கரையின் கோட்டை நகரம்

பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாநகராட்சிக்கு உட்பட்ட பழைய நகரம் ஆகும். தாமிரபரணியின் மேற்கே நெல்லையப்பர் கோயிலை நடுவாகக் கொண்ட திருநெல்வேலி டவுண் உள்ளது. ஆற்றின் கிழக்கே பாளையங்கோட்டை உள்ளது. இவ்விரண்டும் 'இரட்டை நகரங்கள்' எனப்படுகின்றன. பேச்சு வழக்கில் இவ்வூர் 'பாளை' என்று சுருங்கும்.

காலனியகால நகரங்கள் என்றால் தரங்கம்பாடி போன்ற துறைமுகங்களும் ஊட்டி போன்ற மலைவாசத்தலங்களுமே பலருக்கும் நினைவுக்கு வரும். பாளையங்கோட்டைக்குக் கடலும் இல்லை, குளிரும் இல்லை. கோட்டை, தேவாலயம், பள்ளி, பாலம், சிறை எனக் கம்பெனி ஆட்சியும் அதன்பின் வந்த ஆட்சியும் விட்டுச்சென்ற பலவகைக் கட்டடங்கள் இங்கு ஒரே ஊருக்குள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இவ்வூரைப் பார்க்க வருவோரை ஈர்ப்பதும் அதுவே.

கோட்டையும் ஊமைத்துரையும்

ஊரின் பழைய பெயர் ஸ்ரீவல்லபமங்கலம். பிற்காலத்தில் இங்கு எழுந்த கோட்டையால் இன்றைய பெயர் வந்தது. 1750களின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையை நிர்வகித்த யூசுப்கான் (மருதநாயகம்) இக்கோட்டையைத் தன் படைத்தளங்களில் ஒன்றாகக் கொண்டிருந்தார். பின்னர் இது ஆங்கிலேயரின் தென்பகுதிப் படைத்தளமாயிற்று.

1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரி 2 அன்று மாலை, ஆங்கில அதிகாரிகள் விருந்தில் இருந்த நேரத்தில், ஆதரவாளர்கள் மாறுவேடத்தில் வந்து காவலரை மடக்கி அவர்களை மீட்டனர். தப்பியவர்கள் ஏறத்தாழ 30 மைல் தொலைவிலுள்ள பாஞ்சாலங்குறிச்சிக்குச் சென்று, இடிக்கப்பட்டிருந்த கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் மீண்டும் எழுப்பினர். அவ்வாண்டு நடந்த இரண்டாம் பாளையக்காரர் போரின் தொடக்கம் இதுவே. போரின் முடிவில் 1801 நவம்பரில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார்.

போர் ஓய்ந்தபின் கோட்டையின் தேவை குறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டன. மேற்கு வாசல் காவல் நிலையமாக மாறியதால் தப்பியது. உயரமான மேடை போன்ற அமைப்பால் அது 'மேடை போலீஸ் ஸ்டேஷன்' என்று பெயர் பெற்றது. கிழக்கு வாசலும் எஞ்சியுள்ளது. இவ்விரு வாசல்களுக்கும் இடைப்பட்ட தெருக்களில் நடப்பவர், மறைந்துபோன கோட்டையின் பரப்பை ஓரளவு உணரலாம்.

இரண்டு தேவாலயங்கள்

திருநெல்வேலிப் பகுதியில் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கம் குளோரிந்தா என்ற மராத்திய பிராமணக் கைம்பெண்ணோடு இணைத்துப் பேசப்படுகிறது. ஆங்கிலப் படை அதிகாரி ஒருவருடன் திருமணமின்றி வாழ்ந்து வந்ததால், ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் முதலில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778இல் திருமுழுக்கு அளித்தார். குளோரிந்தாவின் முயற்சியால் எழுந்த சிறிய தேவாலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் அர்ப்பணம் செய்தார். ஊர் மக்கள் இதனைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று அழைக்கின்றனர்.

மற்றொன்று தூய திரித்துவ பேராலயம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் இதனைக் கட்டினார். 1826இல் இது திறக்கப்பட்டது. பின்னர் சேர்க்கப்பட்ட கூரிய கோபுரத்தால் 'ஊசிக்கோபுரம்' என்ற பெயர் நிலைத்தது. தமிழில் 'பூமி சாஸ்திரம்' (1832) என்னும் புவியியல் நூலை எழுதிய இரேனியஸ், 1838இல் இவ்வூரிலேயே காலமானார்.

பள்ளிகளின் ஊர்

பாளையங்கோட்டை 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்று குறிப்பிடப்படுவதற்கு இங்குள்ள பழைய கல்வி நிறுவனங்களே காரணம். தூய யோவான் கல்லூரி 1878இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தொடங்கப்பட்டன. சாராள் தக்கர் கல்லூரியின் பெயருக்குரியவர் இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. இங்கிலாந்தில் நோயுற்ற நிலையில் வாழ்ந்த அவர், தென்னிந்தியப் பெண்களின் கல்வியில் அக்கறை கொண்டிருந்தார். அவர் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கப்பட்ட ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியே பின்னர் பெண்கள் கல்லூரியாக வளர்ந்தது.

பார்வையற்றோருக்கான பள்ளியை ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கினார். அதே பத்தாண்டில் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இரண்டும் இன்றுவரை இயங்குகின்றன. காலை வேளையில் பல பள்ளிகளின் சீருடைகள் தெருக்களை நிறைப்பதைக் காண்பவருக்கு, ஊரின் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று எளிதில் விளங்கும்.

சுலோசன முதலியார் பாலம்

பாலம் வருவதற்கு முன் இரு ஊர்களுக்கும் இடையே மக்கள் படகில் ஆற்றைக் கடந்தனர். வெள்ளக் காலத்தில் அது பெருஞ்சிரமமாக இருந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார், ஏறத்தாழ 50,000 ரூபாய்ச் செலவைத் தாமே ஏற்றார். லண்டனின் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு 11 வளைவுகளுடன் கட்டப்பட்ட பாலம் 1843இல் திறக்கப்பட்டது. 1869 வெள்ளத்தில் சேதமடைந்து மீண்டும் சீரமைக்கப்பட்டது, பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்டது. மாதிரியாக இருந்த பழைய வாட்டர்லூ பாலம் 1930களில் இடிக்கப்பட்டுவிட்டது. நெல்லையின் பாலம் இன்றும் பேருந்துகளைச் சுமக்கிறது.

கோயில்களும் தசராவும்

காலனிய அடையாளம் ஊரின் ஒரு பகுதியே. சிவன் கோயிலும் கோபாலசுவாமி கோயிலும் இங்குள்ள பழைய வழிபாட்டிடங்கள். நவராத்திரி முடிவில் நடைபெறும் பாளையங்கோட்டை தசராவில், ஆயிரத்தம்மன் முதலான அம்மன் கோயில்களின் சப்பரங்கள் அணிவகுத்து, எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம் நிகழும். அன்றிரவு ஊர் உறங்குவதில்லை.

பயன்பாடும் பாதுகாப்பும்

பாளையங்கோட்டையின் வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. வேலையற்றுப்போன மதில்கள் மறைந்தன. காவல் நிலையமாகவோ பள்ளியாகவோ பாலமாகவோ பயன்பட்டவை தப்பின. ஆனால் பயன்பாடு மட்டுமே போதுமான காவல் ஆகாது. புழக்கத்தில் உள்ள கட்டடத்துக்கு ஓட்டுக்கூரைக்குப் பதில் கான்கிரீட் போடவும், தேக்குக் கதவுக்குப் பதில் இரும்பு ஷட்டர் வைக்கவும் காரணங்கள் எளிதில் கிடைக்கும். பழைய சுவரையும் கூரையையும் அறிந்து பழுதுபார்த்தால்தான் கட்டடத்தோடு அதன் அடையாளமும் நிலைக்கும்.

பார்வையாளர்களுக்கு

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து நகரப் பேருந்துகள் அடிக்கடி உள்ளன. பாலத்தை நடந்து கடந்து கொக்கிரகுளம் வழியாக ஊருக்குள் செல்வது, இரு நகரங்களின் வேறுபாட்டை உணர நல்ல வழி. பல இடங்கள் பள்ளிகளாகவும் வழிபாட்டிடங்களாகவும் இருப்பதால், உள்ளே செல்லுமுன் அனுமதி கேட்க வேண்டும். கோடை வெயில் கடுமையானது என்பதால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் நடைப் பயணத்துக்கு ஏற்றவை. கூட்டத்தைப் பொருட்படுத்தாதவர்கள் தசராவை ஒட்டி வரலாம்.