இடைவேளையில் தனித்திருக்கும் பிள்ளை

பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் வினவுவது யாது? "கணக்கிற்கு எத்தனை புள்ளி?" என்பதே. "இன்று யாருடன் விளையாடினாய்?" என்று கேட்போர் மிகச் சிலர். ஆயினும், பிள்ளையின் உள்ளத்தை வாட்டுவது சில வேளைகளிற் கணக்கன்று. இடைவேளை மணி அடித்தபின் தன்னைச் சேர்த்துக்கொள்வார் இல்லையே என்னும் ஏக்கமே.

இத்துயரை ஆசிரியர் காண்பது அரிது. வகுப்பறையில் எல்லாரும் வரிசையாக அமர்ந்திருப்பதால், தனிமை அங்கே புலப்படாது. அது வெளிப்படுமிடம் விளையாட்டு முற்றம். அம்முற்றத்தை நன்கறிந்தவர்கள் பிள்ளைகளே.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து யோர்க் நகரில், 2013ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்றை நோக்குவோம். ஜேர்மனியப் பாடசாலை ஒன்றில் 'நட்பு வாங்கு' இருப்பதைப் படத்திற் கண்ட கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன், அத்தகைய வாங்கு தன் பாடசாலைக்கும் வேண்டுமென்று அதிபரிடம் கூறினான். அவரும் இசைந்தார், வாங்கு வைக்கப்பட்டது. விளையாடத் துணையற்ற பிள்ளை அதில் அமரும். காணும் பிள்ளைகள் அருகிற் சென்று அழைப்பார்கள். இவ்வழக்கம் பின்னர் வேறு பல நாட்டுப் பாடசாலைகளுக்கும் பரவியது.

வாங்கு மட்டும் போதுமா? போதாது. அதில் அமர்ந்த பின்னரும் எவரும் வாராவிடின், ஒரு பிள்ளையின் தனிமை எல்லாரும் அறிந்ததாகிவிடும். ஆதலால், அழைக்கும் பண்பையே முதலில் வளர்த்தல் வேண்டும். புதிதாக வந்த மாணவிக்கு யார் துணையாவது, பட்டப்பெயர் சொல்லி நகைப்பதை எவ்வாறு நிறுத்துவது, ஆட்டத்திற் சேராதவரை எப்படிச் சேர்ப்பது என்பவற்றை ஆசிரியர் வகுப்பிலே கேட்கட்டும். வெளிப்படையாகக் கூற அஞ்சுவோர், பெயரெழுதாத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கட்டும்.

இது நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகையன்று. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துரைக்கும் உரிமையைச் சிறுவர்க்கு அளிக்கின்றது. 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் அவர்தம் உரிமையென்கின்றது. இலங்கையும் 1991இல் இச்சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது.

மாணவச் செல்வங்களே! நாளை இடைவேளையில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மரநிழலில் எவரேனும் தனித்து நின்றால், "வா, விளையாடுவோம்" என்று அழையுங்கள். பெற்றோரே! இன்றிரவு புள்ளிகளைக் கேட்குமுன் நண்பர்களைப் பற்றிக் கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.